வெந்நீர்த் தொட்டியின் ஆறாவது விதி

வெந்நீர் ஊற்றுக்கு முதல் தடவை வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இறங்கியதும் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, வாயில் விட்டுக் கொப்பளித்து, பக்கவாட்டில் துப்புகிறார்கள். ஆற்றிலும் வயல் கிணற்றிலும் குளித்து வளர்ந்தவனுக்கு அது யோசிக்காமல் வருகிற பழக்கம். ஆனால் இது ஓடுகிற ஆறு இல்லை. நாலு பக்கமும் சுவர் எழுப்பிய தொட்டி. நாம் துப்பிய இடத்துக்கு ஆறடி தள்ளி ஓர் அரபிப் பெரியவர் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கண்ணைத் திறந்து ஒருமுறை பார்ப்பார். அது போதும்.

அடுத்தது லுங்கி. ஆண்கள் மட்டும் குளிக்கிற பக்கமானாலும் இடுப்பிலிருந்து முழங்கால்வரை மூடியிருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். லுங்கிதான் கணுக்கால்வரை மூடுகிறதே என்று அதோடு இறங்கினால், காற்று புகுந்து அது குடைபோல விரிந்து மேலே வந்துவிடும். அடியில் டிராயர் போடாதவன் பாடு அவ்வளவுதான். மூன்றாவது எண்ணெய். எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஊரில் சனிக்கிழமை தேய்க்கிற எண்ணெயை வெள்ளிக்கிழமை காலையிலேயே உச்சந்தலையில் வைத்து, அது நெற்றியில் வழிய வழியப் பிக்கப்பில் ஏறி வந்து, அப்படியே தொட்டியில் இறங்கினவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்மேல் எண்ணெய் வட்டம் வட்டமாகப் பரவும். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கரையேறுவார்கள்.

இப்போதெல்லாம் புதிதாக வருகிறவர்களிடம் வண்டியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியே குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்கு வர வேண்டும். உள்ளே சோப்பு கூடாது, துணி துவைக்கக் கூடாது. இறங்கும்போது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சலாம் சொல்ல வேண்டும். ஊற்று வாய்க்குப் பக்கத்து இடம் வயசானவர்களுக்கு. கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் தலை சுற்றும்; ஏறி நிழலில் இருந்துவிட்டுத் திரும்ப இறங்கலாம். வாசல் பலகையில் இருக்கிற எட்டு விதியையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒருவருக்கு நான் அப்படிச் சொல்லவில்லை.

வளைகுடாவில் அல் ஐன் ஊருக்கு வெளியே ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப் ஆபீஸில், ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கிற டைம்கீப்பர் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எட்டு வயதிலிருந்தே தெருவுக்கு வருகிற கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். ஒருமுறை பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவள் புருஷன் எழுதியதை எழுத்துக்கூட்டி அப்படியே படித்துவிட்டேன். இனி உன்னோடு வாழ மாட்டேன் என்று எழுதியிருந்தான். அவள் அடித்துக்கொண்டு அழுததில் தெருவே கூடிவிட்டது. அன்றைக்கு அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "கஷ்டமா எழுதியிருந்தா தாண்டிப் போடா. படிக்கிற புள்ளைக்கு அதுகூடவா தெரியாது?"

அதன் பிறகு தாண்டிப் போகக் கற்றுக்கொண்டேன். கேம்பிலும் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊர்க் கடிதங்களைப் படித்துச் சொன்னதும், பதில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். எந்த வரியைத் தாண்டுவது என்பது கண்ணுக்கே பழகிப்போயிருந்தது. அதை ஒரு நல்ல காரியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் படித்துக் காட்டியவர்களில் ஒருவர் கொத்தனார் அண்ணன். தென்காசிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். சிமெண்டு அவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கைவிரல் இடுக்கில் அரிப்பு, வெடிப்பு என்றார். பிறகு கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தோல் தடித்து, வெடித்து, செதில் செதிலாக உரிந்தது. வெடிப்புகளில் நீர் கசியும். கேம்பில் கொடுத்த களிம்பு ஒன்றும் செய்யவில்லை. விசா புதுப்பிப்பதற்கான மெடிக்கல் இரண்டு மாதத்தில் வரவிருந்தது. டாக்டர் அந்தக் காலைப் பார்த்தால் விசா கிடையாது, ஊருக்கு டிக்கெட்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் ஒன்பதாவது படிக்கிறாள் என்பார். அவளை டீச்சருக்குப் படிக்க வைக்க வேண்டும், அதுவரைக்கும் எப்படியாவது இங்கே இருந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு.

"உன்னய மாதிரி நாலு எழுத்து வாசிச்சிட்டான்னா போதும் தம்பி. பொறவு அவளை ஒருத்தனும் ஏமாத்த முடியாதுல்லா" என்பார்.

வெந்நீர் ஊற்றைப் பற்றி அவரிடம் சொன்னது எங்கள் பிக்கப் டிரைவர், ராமநாதபுரத்துக்காரர். மலையடிவாரத்தில் பூமியிலிருந்து தானாகக் கொதித்து வருகிற தண்ணீர், கந்தக வாடை அடிக்கும், கை கால் வலிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள் என்றார். அண்ணனுக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அருவியில் நின்றால் நோய் போகும் என்று நம்புகிற ஊரில் பிறந்தவர். "குத்தாலத்துல பச்சத்தண்ணி பட்டே சொறி போவுது. இது சூட்டோட வருதுங்கான், கேக்கணுமா?" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை எட்டுப் பேர் போனோம். வாசலில் ஒரு பலகை. மேலே அரபி, கீழே ஆங்கிலம். காவலுக்கு இருந்தவர் வயசான பெஷாவர்க்காரர். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, விரலை மடக்கி, விதிகளை ஒவ்வொன்றாக இந்தியில் சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் அவரை இடைமறித்தார். எங்களிடமே படித்த ஆள் இருக்கிறார் பாய், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். காவலாளி சிரித்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பதற்கில்லை. உரக்கத் தமிழில் படித்தேன். துப்பக் கூடாது என்றதும் டிரைவர், "அப்பு, உனக்குன்னே எழுதி வச்சிருக்கான் பாரு" என்று வெற்றிலை போடுகிற கம்பி வேலைக்காரரை இடித்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது என்றதும், தலையில் எண்ணெய் வழிய நின்ற ஒருவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டால் அவசரமாகத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றுவிட்டு ஆறாவது வரிக்கு வந்தேன்.

தோல் நோயோ புண்ணோ உள்ளவர்கள் தொட்டியில் இறங்கக் கூடாது.

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒரு கால் விரலால் மற்றக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு புதுத் துண்டு, இதற்காகவே வாங்கியது. அந்த வரியின் நடுவிலேயே என் கண் நின்றுவிட்டது. அதற்கு அப்பாலும் அந்த வரி நீண்டது. அதை நான் பார்க்கவே இல்லை. ஏழாவதை ஆறாவதாகப் படித்தேன், எட்டாவதை ஏழாவதாக. "அவ்வளவுதான், ஏழு விதி" என்றேன்.

அவர் எல்லாவற்றையும் அப்படியே செய்தார். எங்கள் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அவ்வளவு கவனமாகச் செய்தார் என்று சொல்ல வேண்டும். குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டார். டிராயருக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டினார். படியில் நின்று உள்ளே இருந்தவர்களுக்குத் தலை குனிந்து சலாம் சொன்னார். ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத மூலையில் போய் உட்கார்ந்தார். சூடு காலில் ஏறியதும் பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தளர்ந்தது. "தம்பி, அரிப்பு நின்னுட்டு" என்றார். அவர் அரிப்பு நின்றுவிட்டது என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான்கு வெள்ளிக்கிழமை போனோம். ஒவ்வொரு தடவையும் திரும்புகிற வழியில் பேண்ட்டைச் சுருட்டிக் காலை எனக்குக் காட்டுவார். செதில் உதிர்ந்து அடியில் சிவப்பாகத் தெரிந்தது. அது குணமாவதா, மேலும் புண்ணாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் குணம் என்றார். நானும் ஆமாம் என்றேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை ஓர் அரபி தன் இரண்டு வயதுக் குழந்தையோடு இறங்கினார். குழந்தை தண்ணீரைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டே அண்ணன் இருந்த மூலைக்கு வந்துவிட்டது. அண்ணனுக்குக் குழந்தைகள் என்றால் போதும். கையைக் குவித்துத் தண்ணீரைப் பீச்சிக் காட்டினார். குழந்தை கெக்கலித்தது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தில் வந்தார். தெளிந்த தண்ணீர் அது. கீழே அண்ணனின் கால்களைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறி, காவலாளியிடம் போனார்.

காவலாளி வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அண்ணனை மேலே வரச் சொல்லி, அவர் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, அன்றைக்குப் பலகை படித்தவன் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஈரத் துண்டோடு நாங்கள் எட்டுப் பேரும் பலகைக்கு முன்னால் போய் நின்றோம். காவலாளி ஆறாவது வரியில் விரலை வைத்தார். "படோ பாய்" என்றார். படி.

அவருக்குப் புரியும்படி இந்தியில் படித்தேன். "தமிழ்லயும் சொல்லு" என்றார் அண்ணன். தமிழிலும் படித்தேன். தோல் நோயோ புண்ணோ உள்ளவர்கள் தொட்டியில் இறங்கக் கூடாது. காவலாளியின் விரல் அங்கேயே நிற்காமல் அதே வரியில் மேற்கொண்டு நகர்ந்தது. வரியின் மறு பாதியை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன். அவர்கள் சுவருக்குக் கீழே உள்ள வாய்க்காலைப் பயன்படுத்தலாம்.

காவலாளி எங்களைச் சுவர் ஓரமாக அழைத்துப் போய்க் காட்டினார். இருபது அடி தூரம்கூட இல்லை. தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் ஒரு சிமெண்டு வாய்க்கால் வழியாகப் பேரீச்சை மரங்களுக்குப் போனது. வாய்க்கால் விளிம்பில் இரண்டு பேர் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு முழங்காலில் கட்டு. இதே தண்ணீர்தான் பாய் என்றார் காவலாளி. எனக்கும் படிக்கத் தெரியாது, ஆனால் எட்டு வரியும் மனப்பாடம், வருகிற எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புவேன், உங்களிடம் படித்த ஆள் இருக்கிறார் என்றதால் சொல்லாமல் விட்டேன் என்றார்.

அண்ணன் அந்த அரபியிடம் போனார். அரபி தெரியாது, இரண்டு கையையும் கூப்பினார். குழந்தையைத் துவட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் கூச்சப்பட்டு, "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்" என்று அவர் கையை இறக்கிவிட்டார். பரவாயில்லை என்று அர்த்தம். அண்ணன் திரும்பி வரும்போது துண்டை முழங்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே வந்தார்.

திரும்பும் வழியில் டிரைவர் கேசட் போடவில்லை. கேம்பில் இறங்கியதும் அண்ணன் என் ரூமுக்கு வந்து கட்டில் முனையில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சேதான் தாண்டினியா?"

ஆமாம் என்றேன். அவ்வளவு ஆசையாக வந்தீர்களே, திருப்பி அனுப்ப மனசு வரவில்லை என்றேன்.

"நான் தொட்டியில எறங்கணும்னு கேட்டேனா தம்பி? தண்ணி படணும்னுதான கேட்டேன்." அவர் குரல் ஏறவில்லை. "அந்தப் பச்சப்புள்ள மேல என் தண்ணியப் பீச்சி வெளையாடிக்கிட்டு இருந்திருக்கேன். அஞ்சு வாரமா அத்தன பெரிய மனுசங்க நடுவுல இந்தக் கால வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். தெரிஞ்சிருந்தா நான் செய்வனா?"

அவர் எழுந்து போனார். போய்விட்டார் என்று நினைத்தேன். வாசலில் நின்று திரும்பினார். அவர் அதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக் கடுதாசியிலயும் இப்படித் தாண்டிருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். என்னால் சொல்ல முடியவில்லை. அவர் தன் பெட்டியிலிருந்து கடிதக் கட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

தாண்டியது ஒரே ஓர் இடம். மூன்று மாதத்துக்கு முன்பு அவர் மனைவி, யாரையோ வைத்து எழுதிய கடிதம். மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், பெரிய பெண்ணை பஸ்ஸில் அனுப்ப வேண்டாம் என்று உங்கள் அண்ணன் சொல்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அவர் கேட்பார், பிள்ளை தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று இருந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று அண்ணனின் இரண்டு காலும் வெடித்து சாக்ஸில் ரத்தம் ஒட்டியிருந்தது. சாக்ஸைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று தாண்டினேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய பதில்களில், மூத்தவளை நன்றாகப் படிக்கச் சொல் என்று ஒவ்வொரு தடவையும் எழுதியிருந்தேன்.

படித்து முடித்தேன். அவர் கடிதங்களை அடுக்கி, நூலால் கட்டி, எடுத்துக்கொண்டு போனார். என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன்.

மறுநாள் அவர் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் ஸ்டோர்கீப்பர். கொல்லத்துக்காரர், செங்கோட்டையில் கொஞ்ச காலம் இருந்ததால் தமிழ் எழுதுவார். பதில் வந்ததும் அவரிடம்தான் போனது. அதில் என்ன இருந்தது என்று ஸ்டோர்கீப்பர்தான் பிறகு எனக்குச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் மூத்தவள் பெயரை நீக்கிவிட்டார்களாம். அவள் இப்போது பீடி சுற்றப் போகிறாளாம்.

அண்ணன் அதன் பிறகும் இரண்டு வெள்ளிக்கிழமை வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் காவலாளிக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு நேராகச் சுவருக்குக் கீழே போய்விடுவார். வாய்க்காலுக்கு வருவதற்குள் தண்ணீரின் சூடு பாதி குறைந்திருக்கும். நான் மேலே நின்று, நானும் அங்கே வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். "நீ உள்ள போ. ஒனக்குத்தான் ஒண்ணும் இல்லையே." அதைக் குத்தலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். அவர் குத்தலாகப் பேசுகிற மனிதர் இல்லை. அன்று நான் தொட்டியிலும் இறங்கவில்லை, வாய்க்காலுக்கும் போகவில்லை. பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

மெடிக்கலில் டாக்டர் காலைப் பார்த்தார். சிமெண்டு ஒவ்வாமை, இந்த வேலையில் வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வேறு வேலை இல்லை என்றது கம்பெனி. முதல் வாரத்திலிருந்தே வாய்க்காலில் உட்கார்ந்திருந்தால் அது அவர் காலைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் கிளினிக்குக்கு வேறு ஒருவரை அழைத்துப் போனபோது, அங்கிருந்த கம்பவுண்டரிடம் கேட்டேன். வெந்நீர் சிலருக்கு இதம், சிலருக்குத் தோலை இன்னும் உலர்த்திவிடும், ஆளைப் பொறுத்தது என்றார்.

விசா ரத்துக்கான தாள்கள் ஆபீஸுக்கு வந்தன. எல்லாம் ஆங்கிலம், மூன்று பக்கம். கையெழுத்து வாங்க வேண்டியது என் வேலை. அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். சலவை செய்த சட்டையோடு வந்து நின்றார். உட்காருங்கள் அண்ணே என்றேன். உட்கார்ந்தார். தாள்களை அவர் பக்கம் திருப்பி வைத்து, இது என்ன, இது என்ன என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு வரியையும் விடக் கூடாது என்று முந்தின நாளே மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்து வைத்திருந்தேன்.

அவர் தாளின் மேல் கையை வைத்தார். விரல்களில் வெடிப்பு அப்படியே இருந்தது.

"இருக்கட்டும் தம்பி. ஸ்டோர்காரர் வாரேன்னு சொல்லியிருக்காரு. அவர் வரட்டும்."

காத்திருந்தோம். ஏசி இரைந்துகொண்டிருந்தது. ஊருக்கு எந்த விமானம் என்று கேட்டேன், திருவனந்தபுரம் என்றார். அங்கிருந்து பஸ் கிடைக்குமா என்றேன், கிடைக்கும் என்றார். ஸ்டோர்கீப்பர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்து அர்த்தம் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் என் அளவுக்கு வராது. இரண்டு இடத்தில் தடுக்கினார். அந்த இரண்டு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மூன்றாவது பக்கம் முடிந்ததும் பேனாவை வாங்கி, தனக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல்லை, தன் பெயரை, எழுத்தெழுத்தாக எழுதினார்.